கண்ணீரும் தீர்ப்பும்

தொலைக்காட்சியில் தொடர் நாடகம் பார்ப்பது கூடுமா, கூடாதா என்னும் வினாவை இக்கட்டுரையில் நான் எடுத்துக்கொள்ளவில்லை. அதுபற்றி அறிஞர் பலர் எழுதியுள்ளனர், இன்னும் எழுதுவர். பார்த்துக்கொண்டுதான் இருக்கிறோம் என்பது நம் வீடுகளின் நிலை. ஆகவே, பார்க்கும்போது நம் உள்ளத்தில் நிகழ்வது யாது என்று ஆராய்வதே என் நோக்கம்.

நாடகத்தில் வரும் ஒருத்தி துன்புறுகிறாள். அவள் இவ்வுலகில் பிறந்தவள் அல்லள். எழுத்தாளர் ஒருவர் தாளில் படைத்தவள். இது நமக்கு நன்றாகத் தெரியும். தெரிந்தும் அழுகிறோம். அழுவதோடு நில்லாமல், 'இவள் நல்லவள், அவன் கொடியவன்' என்று தீர்ப்பும் அளிக்கிறோம். இல்லாத ஒருத்தியைப் பற்றி நாம் அளித்த அத்தீர்ப்பு பிறகு எங்கே போகிறது? தொடர் முடிந்ததும் அதுவும் முடிந்துவிடுகிறதா? அன்றி, இருக்கின்ற ஒருத்தியின்மீது சென்று விழுகிறதா? இதுவே என் வினா. இதற்கு விடை தேடப் புகுந்தால் என் வாழ்க்கையிலிருந்தே ஒரு நிகழ்ச்சியைச் சொல்ல வேண்டியிருக்கிறது. அது எனக்குப் பெருமை தருவதன்று. சம்பந்தப்பட்டவரின் சம்மதம் பெற்றே எழுதுகிறேன்.

1984 ஆம் ஆண்டு ஜூலை 7 ஆம் நாள் தூர்தர்ஷன், 'ஹம் லோக்' என்னும் இந்தித் தொடரை ஒளிபரப்பத் தொடங்கிற்று. மனோகர் ஷ்யாம் ஜோஷி எழுதினார், பி. குமார் வாசுதேவ் இயக்கினார். குடிகாரத் தந்தை பஸேஸர் ராம், தாய் பாக்வந்தி, பாட்டன், பாட்டி, ஐந்து மக்கள் என்று ஒரு நடுத்தரக் குடும்பத்தின் கதை அது. ஒவ்வொரு பகுதியின் இறுதியிலும் மூத்த நடிகர் அசோக் குமார் தோன்றி, அன்று நிகழ்ந்ததைப் பற்றி நேயர்களோடு சில சொற்கள் பேசுவார். 1985 டிசம்பர் 17 வரை அத்தொடர் நடந்தது.

அப்போது எனக்கு வயது பதினாறு. வட ஆற்காட்டு மாவட்டத்து மதரஸா ஒன்றில் ஓதிக்கொண்டிருந்தேன். பாடங்கள் உர்தூவில் நடந்தமையால் அம்மொழி எனக்கு வசமாகியிருந்தது. 1985 ஆம் ஆண்டு நோன்புப் பெருநாள் கழிந்து மதரஸா திறக்கும்வரை ஊரில் தங்கியிருந்தேன். எங்கள் தெருவில் ஒரே ஒரு வீட்டில்தான் தொலைக்காட்சிப் பெட்டி இருந்தது. அவ்வீட்டார் என்னை அழைத்துப் பெட்டியின் அருகில் உட்கார வைத்தனர். பெண்கள் உள்ளறை வாசலில் தொங்கிய திரைக்கு அப்பால் இருந்து பார்ப்பர். "தம்பி, உனக்குத்தான் உர்தூ தெரியுமே, என்ன பேசிக்கிறாங்கன்னு சொல்லு" என்பது எனக்கு இடப்பட்ட பணி. இந்தியும் உர்தூவும் பேச்சு வழக்கில் ஏறத்தாழ ஒன்றே ஆதலின், அப்பணி எனக்குக் கடினமாக இல்லை.

பஸேஸர் ராம் குடித்துவிட்டு வந்து கத்துவான். பாக்வந்தி தலையில் சேலையை இழுத்து விட்டுக்கொண்டு தன் வேலையைச் செய்துகொண்டிருப்பாள். "அவ என்ன சொல்றா?" என்று திரைக்குப் பின்னிருந்து குரல் வரும். "ஒன்றும் சொல்லவில்லை; பொறுத்துக்கொள்கிறாள்" என்பேன். "என்ன ஸபுர் பாரு!" என்று உள்ளறை வியக்கும்.

இப்போது எண்ணிப் பார்க்கிறேன். 'ஒன்றும் சொல்லவில்லை' என்றது மொழிபெயர்ப்பு. 'பொறுத்துக்கொள்கிறாள்' என்றது என் தீர்ப்பு. அவ்விரண்டுக்கும் இடையே இருந்த தூரத்தைப் பதினாறு வயதில் நான் அறியவில்லை. அவளுடைய மௌனத்துக்கு நானே ஒரு பெயர் சூட்டினேன். அப்பெயரையே அவளுடைய குணமாக நம்பினேன்.

பொய்யென்று தெரிந்ததற்காக நாம் ஏன் அழுகிறோம் என்பது புதிய வினாவன்று. கிரேக்க அறிஞர் அரிஸ்டாட்டிலின் கவிதையியலுக்கு விளக்கம் எழுதிய இப்னு ஸீனா (மறைவு 1037), இதற்காக இரண்டு சொற்களைப் பிரித்துக் காட்டுகிறார். ஒரு செய்தியை உண்மையென ஏற்பது தஸ்தீக். உள்ளத்தில் ஓர் உருவை எழுப்பி அதனை அசைத்துவிடுவது தக்யீல். தக்யீலுக்கு நம்பிக்கை தேவையில்லை; ஆராய்ச்சியும் தேவையில்லை. சொல்லப்பட்டது உண்மையா அன்றா என்று அறிவு விசாரிக்கும் முன்பே உள்ளம் மலர்ந்தோ சுருங்கியோ போய்விடும் என்பது அவர் கருத்து. நாடகம் பார்க்கும் நம் நிலையை இதனினும் தெளிவாகச் சொல்லிவிட முடியாது. அறிவு, 'இவள் நடிகை' என்கிறது. கண், தன் போக்கில் நீர் சொரிகிறது.

தமிழிலும் இவ்வாராய்ச்சி மிகப் பழையது. தொல்காப்பியத்து மெய்ப்பாட்டியல், அழுகை பிறக்கும் களங்கள் நான்கு என்று கூறும். இழிவு படுதல், இழத்தல், நிலைகுலைதல், வறுமையுறுதல் என்று அவற்றை நாம் இன்றைய சொற்களால் குறிக்கலாம். உரையாசிரியராகிய பேராசிரியர் இதனை மேலும் இரண்டாகப் பகுக்கிறார். தன் துன்பத்துக்குத் தானே வருந்துவது ஒன்று. பிறர் துன்பம் கண்டு வருந்துவது மற்றொன்று. பின்னையது கருணை எனப்படும்.

அப்படியாயின், பாக்வந்திக்காக நாம் சிந்திய கண்ணீர் கருணையைச் சார்ந்ததன்றோ? கருணை நல்லதன்றோ? இவ்விடத்தில்தான் நான் நீண்ட காலம் ஏமாந்திருந்தேன்.

'ஹம் லோக்' தொடருக்கு நேயர்கள் எழுதிய கடிதங்கள் ஏறத்தாழ 4 இலட்சம் என்பர். அத்தொடரை ஆராய்ந்த அர்விந்த் சிங்கால், எவெரெட் ரோஜர்ஸ் ஆகிய அறிஞர் இருவர் ஒரு வியப்பான செய்தியை எழுதியுள்ளனர். மெக்சிகோ நாட்டில் மிகேல் ஸபிதோ வகுத்த முறையைத் தழுவியே இத்தொடர் திட்டமிடப்பட்டது. பின்பற்றத் தக்கவர், விலக்கத் தக்கவர், இடையே நின்று திருந்துபவர் என மூவகைப் பாத்திரங்களை அமைப்பது அம்முறை. இவற்றுள் பாக்வந்தி, அடங்கி அடங்கியே அழிந்துபோகும் பெண்ணின் நிலைக்கு எச்சரிக்கையாகப் படைக்கப்பட்டவள். 'இப்படி வாழாதீர்' என்று காட்டவே அவளை வைத்தனர். ஆனால் நேயர்களில் பலர், பெண்கள் உட்பட, 'இப்படியன்றோ வாழ வேண்டும்' என்று அவளைக் கொண்டாடினர். எச்சரிக்கைப் பலகையை வழிகாட்டிப் பலகையாகப் படித்துவிட்டனர்.

இதனை நான் படித்தபோது எங்கள் தெருவின் அந்த உள்ளறை நினைவுக்கு வந்தது. அங்கே பலகையைத் தவறாகப் படித்துக் காட்டியவன் நான் அல்லவா?

நாடகப் பாத்திரத்துக்கு நாம் அளிக்கும் தீர்ப்பு அப்பாத்திரத்தைப் பற்றி ஒன்றும் சொல்வதில்லை. நம்மைப் பற்றியே சொல்கிறது. நாம் எதைப் புகழ விரும்புகிறோம், எதைக் காண மறுக்கிறோம் என்பதை அது வெளிப்படுத்துகிறது. அதோடு நிற்பதும் இல்லை. திரையில் ஒருத்தியிடம் எதைப் புகழ்ந்தோமோ, அதையே வீட்டில் இருக்கும் ஒருத்தியிடம் நாளை கடமையாகக் கேட்போம். இதனை நான் நூலில் கற்கவில்லை.

2002 முதல் 2005 வரை சன் தொலைக்காட்சியில் திருமுருகன் இயக்கிய 'மெட்டி ஒலி' ஒளிபரப்பாகி வந்தது. தாயில்லாப் பெண்கள் ஐவரையும், அவர்களைக் கரையேற்றப் பாடுபடும் சிதம்பரம் என்னும் தந்தையையும் அறியாத வீடு தமிழகத்தில் அன்று குறைவு. அப்போது நான் ஆசிரியன். குடும்பத் தகராறுகள் வந்தால் ஜமாஅத்தார் என்னையும் கூப்பிட்டு உட்கார வைப்பர். 2004 ஆம் ஆண்டில் ஓர் இரவு, புகுந்த வீட்டில் அல்லற்படும் சரோஜாவைக் கண்டு என் கண்கள் கலங்கின. தொடர் முடிந்தது. துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டு திரும்பினேன். கதவருகில் என் தங்கை நின்றிருந்தாள். கையில் ஒரு பை, இடுப்பில் குழந்தை.

அவள் சொன்னவற்றை எல்லாம் இங்கே எழுத எனக்கு உரிமையில்லை. சிலவற்றை மட்டும் சொல்கிறேன். அவளுடைய நகைகள் ஒவ்வொன்றாக அடகுக்குப் போயிருந்தன. அரிசி அறைக்குப் பூட்டு, சாவி மாமியாரிடம். மூன்று மாதமாகக் கணவன் அவளோடு ஒரு சொல்லும் பேசவில்லை. எல்லாவற்றையும் கேட்டேன். கேட்டுவிட்டு, ஆசிரியனுக்குரிய அமைதியோடு, "ஸபுர் செய் புள்ளே. பொம்பளைப் புள்ளைக்கு ஸபுர்தான் அழகு" என்றேன். மூன்றாம் நாள் நானே அவளைப் பேருந்தில் அழைத்துச் சென்று அவ்வீட்டில் விட்டுவிட்டு வந்தேன். வழியில் அவள் ஒரே ஒரு தடவை வாய் திறந்தாள். "டிவியில வர்ற புள்ளைக்கு அழுதீங்களே, காக்கா."

நான் விடை கூறவில்லை. குழந்தைக்குத் தண்ணீர் வேண்டுமா என்று கேட்டேன்.

பத்தொன்பது ஆண்டுகளுக்கு முன் பாக்வந்திக்கு நான் அளித்த தீர்ப்பு, அன்றைய தினம் என் தங்கையின்மீது நிறைவேறியது. சரோஜாவுக்குக் கண்ணீர், என் உம்மா பெற்ற பெண்ணுக்கு உபதேசம். இந்த வேறுபாடு எதனால் வந்தது என்று பின்னர் பல இரவுகள் சிந்தித்தேன். இரண்டு காரணங்கள் புலப்பட்டன.

முதலாவது, நாடகத்தில் நமக்கு ஐயம் என்பதே இல்லை. மூடிய அறைக்குள் நடப்பதையும் கேமரா நமக்குக் காட்டிவிடுகிறது. மாமியார் தனித்திருந்து என்ன சூழ்ச்சி செய்தாள் என்பதும் நமக்குத் தெரியும். வாழ்க்கையில் அப்படி இல்லை. ஒருத்தி வந்து சொல்கிறாள். அவள் சொல்லைத் தவிர வேறு சான்று இல்லை. 'மறுபக்கத்தையும் கேட்க வேண்டுமே' என்று நாம் நீதிமான் ஆகிவிடுகிறோம். மறுபக்கத்தைக் கேட்பது நீதிதான். ஆனால் நான் மறுபக்கத்தைக் கேட்கவில்லை. கேட்காமலே அவளைத் திருப்பி அனுப்பினேன்.

இரண்டாவது காரணம் இன்னும் கசப்பானது. சரோஜா என்னிடம் எதையும் கேட்கவில்லை. அவளுக்காக அழுதால் போதும். அரை மணியில் கணக்குத் தீர்ந்துவிடும். தங்கையை நம்பினால் அவளுக்கும் குழந்தைக்கும் சோறு போட வேண்டும். சம்பந்திகளின் பகையை ஏற்க வேண்டும். 'ஹஸரத்துடைய தங்கையே வாழாமல் வந்துவிட்டாள்' என்னும் ஊர்ப் பேச்சைத் தாங்க வேண்டும். 1956 ஆம் ஆண்டிலேயே டொனால்ட் ஹார்ட்டன், ரிச்சர்ட் வோல் என்னும் அமெரிக்க ஆய்வாளர் இருவர், திரையில் தோன்றுவோரோடு நாம் கொள்ளும் ஒருதலை உறவைப் பற்றி எழுதினர். அவ்வுறவில் பார்ப்பவனுக்குக் கடமையோ பொறுப்போ பெரும்பாலும் இல்லை என்று அவர்கள் குறித்துள்ளனர். கடமை இல்லாத இடத்தில் கருணை எளிதாகச் சுரக்கிறது. செலவில்லாத கருணையைத்தான் நான் என் இளகிய உள்ளம் என்று எண்ணி மகிழ்ந்திருந்தேன்.

இது நம் நாட்டுக்கு மட்டும் உரிய குறையன்று. பொறியியல் படிக்கும் என் மகன், சில ஆண்டுகளுக்கு முன் ஓர் அமெரிக்கத் தொடரை எனக்குக் காட்டினான். 'பிரேக்கிங் பேட்' என்பது அதன் பெயர்; 2008 முதல் 2013 வரை அந்நாட்டில் ஒளிபரப்பானது. நியூ மெக்சிகோ மாநிலத்து வேதியியல் ஆசிரியர் ஒருவர், தமக்குப் புற்றுநோய் என்று அறிந்ததும், குடும்பத்துக்குப் பொருள் சேர்க்க வேண்டிப் போதைப்பொருள் காய்ச்சத் தொடங்குகிறார். பொய், கொலை என்று படிப்படியாக இறங்குகிறார். ஆசிரியர் என்பதாலோ என்னவோ, என் உள்ளம் அவர் பக்கமே சாய்ந்தது. அவருடைய மனைவி ஸ்கைலர், உண்மையை அறிந்து அவரை எதிர்த்து நின்றபோது எனக்கு அவள்மீது எரிச்சல் வந்தது. 'இவள் ஏன் இப்படித் தொல்லை தருகிறாள்?' என்று எண்ணினேன். எண்ணிய மாத்திரத்தில் திடுக்கிட்டேன்.

பிறகு ஒரு செய்தி அறிந்தேன். அப்பாத்திரத்தில் நடித்த ஆன்னா கன் என்னும் நடிகை, 2013 ஆகஸ்டில் 'நியூயார்க் டைம்ஸ்' நாளிதழில் ஒரு கட்டுரை எழுதினார். ஸ்கைலர்மீது நேயர்கள் கொண்ட வெறுப்பு தம்மீதே திரும்பியதையும், கணவனுக்கு அடங்காத மனைவி என்பதே அவ்வெறுப்புக்கு ஊற்றாக இருந்ததையும் அதில் எடுத்துரைத்தார். விஷம் காய்ச்சியவன் நேயர்களின் நாயகன். 'வேண்டாம்' என்றவள் அவர்களின் பகை. வடஇந்தியாவின் பாக்வந்தியையும் அமெரிக்காவின் ஸ்கைலரையும் ஒரே தராசில்தான் நிறுத்தியிருக்கிறோம். அடங்கியவள் புகழப்பட்டாள், அடங்காதவள் வெறுக்கப்பட்டாள். மொழியும் சமயமும் நாடும் வேறு, தராசு ஒன்று.

இனி, ஸபுர் என்னும் சொல்லுக்கு வருகிறேன். நான் அச்சொல்லைத்தான் தவறாகக் கையாண்டேன். ஆகவே அதற்குரிய மரியாதையை மீட்டுத் தருவது என் கடமை. அரபு மொழியில் அதன் வேர்ப்பொருள், தடுத்து நிறுத்துதல், பிடித்து வைத்தல் என்பதாம். ஆத்திரத்திலும் அச்சத்திலும் ஆசையிலும் தன்னைத் தானே பிடித்து நிறுத்திக்கொள்பவன் ஸாபிர். அதே வேரிலிருந்து மஸ்பூர் என்றொரு சொல்லும் பிறந்துள்ளது. பிறரால் பிடித்துக் கட்டப்பட்டவன் என்பது அதன் பொருள். ஒருவனைக் கட்டி வைத்துக் கொல்வதையும் அவ்வேரைக் கொண்டே அரபியர் குறிப்பர். எனவே மொழியே நமக்கு எச்சரிக்கை செய்கிறது. தன்னைத் தான் பிடித்துக்கொண்டிருப்பவளும், பிறர் பிடியில் அகப்பட்டிருப்பவளும் வெளிப்பார்வைக்கு ஒரே மாதிரி அசையாமல்தான் இருப்பர். முன்னவள் ஸாபிரா, பின்னவள் மஸ்பூரா. நான் மஸ்பூராவைப் பார்த்து ஸாபிரா என்று பட்டம் கொடுத்தேன்.

துன்பத்தை வாய் விட்டுச் சொல்வது ஸபுருக்கு மாறானதும் அன்று. அய்யூப் நபி (அலை) தம் துன்பத்தை இறைவனிடம் முறையிட்டார்கள். ஆயினும் பொறுமையாளர் என்றே திருமறை அவர்களைப் போற்றுகிறது. கணவர் செய்த அநீதியை முறையிட கவ்லா (ரலி) என்னும் பெண்மணி நபிகள் நாயகம் (ஸல்) அவர்களிடம் வந்து வாதாடிய வரலாற்றை நாம் அறிவோம். 'நீ ஸபுர் செய்' என்று கூறி அவரைத் திருப்பி அனுப்பியதோடு அவ்வரலாறு முடிந்துவிடவில்லை. அவருடைய முறையீடு கேட்கப்பட்டது. திருக்குர்ஆனின் 58 ஆவது அத்தியாயம் 'வாதாடும் பெண்' என்னும் பெயரையே தாங்கி நிற்கிறது. இதனை எத்தனையோ முறை மாணவர்க்குப் பாடம் நடத்தியவன் நான். நடத்திய பாடம் என் வீட்டு வாசலில் பையோடு வந்து நின்றபோது எனக்கு அடையாளம் தெரியவில்லை.

அப்படியானால் நாடகத்துக்காக அழுவது வீண்தானா என்று கேட்கலாம். வீண் என்று சொல்ல மாட்டேன். அக்கண்ணீர் உண்மையானது, உள்ளம் இன்னும் கல்லாகிவிடவில்லை என்பதற்கு அது சாட்சி. ஆனால் சாட்சி சொல்லிவிட்டதாலேயே வழக்கு முடிந்துவிடுமா? பிறர் துன்பம் கண்டு உருகும் ஆற்றல் நமக்கு இருக்கிறது என்று அக்கண்ணீர் அறிவிக்கிறது. அறிவித்த பின், 'அந்த ஆற்றலை உன் வீட்டில் எங்கே செலவிட்டாய்?' என்னும் கேள்விக்கு நாம் ஆளாகிவிடுகிறோம். அழாதவனைவிட அழுதவனுக்கே அக்கேள்வி கடினமானது. ஏனெனில், எனக்கு உணர்ச்சி இல்லை என்று அவன் சாக்குச் சொல்ல முடியாது.

என் தங்கை மேலும் ஏழாண்டுகள் அவ்வீட்டில் இருந்தாள். 2011 ஆம் ஆண்டில் தானாகவே திரும்பி வந்தாள். பையைக் கீழே வைத்துவிட்டு, "இனிப் போகமாட்டேன், காக்கா" என்றாள். இம்முறை நான் உபதேசம் செய்யவில்லை. குலஉ முறையில் அவளுக்கு மணவிலக்கு வாங்கித் தந்தோம். தையல் வேலை செய்து மகனைப் படிக்க வைத்தாள். அந்த ஏழாண்டுகளை யாரும் அவளுக்குத் திருப்பித் தரவில்லை, தரவும் முடியாது.

2020 ஆம் ஆண்டில் ஊரடங்கால் எல்லாரும் வீட்டுக்குள் இருந்தபோது, 'மெட்டி ஒலி' மீண்டும் ஒளிபரப்பாயிற்று. ஒரு நாள் கூடத்தில் நான், என் மனைவி, தங்கை மூவரும் அமர்ந்து பார்த்தோம். சரோஜா அழும் காட்சி வந்தது. எனக்குத் திரையைப் பார்க்க இயலவில்லை. தங்கையைப் பார்த்தேன். அவள் அழவில்லை, துணிக்கு ஓரம் தைத்துக்கொண்டே பார்த்துக்கொண்டிருந்தாள்.

ஏதேனும் பேச வேண்டுமே என்று, "இவ முன்னாடியே வாய் திறந்து சொல்லியிருக்கலாம்" என்றேன்.

அவள் ஊசியை நிறுத்தினாள். "அவ சொல்லத்தான் செய்யிறா, காக்கா. கேக்கத்தான் ஆளில்லை" என்று கூறிவிட்டு மீண்டும் தைக்கலானாள்.

இன்றும் ஜமாஅத்தில் யாரேனும் ஒரு பெண்ணின் வழக்கு வந்தால் என்னைக் கூப்பிடுகின்றனர். நானும் போகிறேன். ஸபுர் என்னும் சொல் என் நாவின் நுனிக்கு வருகிறது. நாற்பது ஆண்டுப் பழக்கம் அல்லவா? அதனை நிறுத்தி வைத்துவிட்டு, முதலில் அப்பெண்ணிடம், "சொல்லும்மா, கேட்கிறேன்" என்கிறேன். பிறகு அவ்வீட்டாரையும் அழைத்துக் கேட்கிறேன். பல வேளைகளில் அது நெடுநேரம் ஆகிவிடுகிறது. ஒரு தொடரின் பல பகுதிகளைப் பார்த்து முடிக்கும் நேரம் ஆகிறது. ஆகட்டும்.